கண் தெரியாத பொண்ணு யார் உதவியும் இல்லாம அப்ளிகேஷன் போட முடியாத யூனிவர்சிட்டி வெப்சைட்: யார்கிட்ட, என்னன்னு எழுதிக் கேக்கறது?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

வணக்கம். தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் சின்னதா ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். ரெண்டு சிஸ்டம், ஒரு பிரின்டர், லேமினேஷன் மிஷின், அவ்ளோதான். காலேஜ் அட்மிஷன், எக்ஸாம் ஃபீஸ், ஸ்காலர்ஷிப், ரேஷன் கார்டு திருத்தம்னு ஆன்லைன் வேலை எல்லாம் பண்ணித் தர்றோம்.

நம்ம கடைக்கு ஒரு பொண்ணு வரும். காசிமேடு. ரெண்டு கண்ணும் சுத்தமா தெரியாது. தபால் வழியில எம்.ஏ. ஹிஸ்டரி படிக்குது. போன்ல திரையில இருக்கறதைப் படிச்சுக் காட்டற டாக்பேக் போட்டு வெச்சிருக்கு, அது பேசற வேகம் நமக்கு ஒரு வார்த்தை புரியாது. ஜிபே பண்ணுது, வாட்ஸ்அப்லயே மெட்ரோ டிக்கெட் எடுக்குது, கரன்ட் பில் கட்டுது. யாரையும் எதிர்பார்க்கறது இல்ல. ஆனா யூனிவர்சிட்டி வெப்சைட்னா மட்டும் தம்பியை இழுத்துக்கிட்டு என் கடைக்கு வந்தாகணும். எந்த யூனிவர்சிட்டின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு.

எனக்குப் புடிக்காத விஷயம் என்னன்னா, பாஸ்வேர்டை நாலு பேர் முன்னாடி வாயால சொல்லும். ஓடிபி வந்தா அதையும் சத்தமாப் படிக்கும். நான் நல்லவன்னு வெச்சுக்குவோம், பக்கத்துல நிக்கறவனை யாருக்குத் தெரியும்? வீட்டுக்குப் போய் பாஸ்வேர்டை மாத்திக்கோம்மான்னு சொன்னேன். "அண்ணா, மாத்தறதுக்கும் அதே கோணல்மாணல் எழுத்துப் படத்தைப் பாத்து டைப் பண்ணணும்ணா"ன்னு சிரிக்குது.

அது சொல்லித்தான் ரெண்டாவது சிஸ்டத்துல என்விடிஏ போட்டேன், கம்ப்யூட்டர் திரையில இருக்கறதை வாய்விட்டுப் படிக்கற ஸ்கிரீன் ரீடர். காசு கிடையாது, டவுன்லோடு பண்ணா போதும். ஹெட்போனை ஸ்பீக்கருக்கு மாத்திட்டு நானும் கேட்டேன். ஹோம் பேஜ்ல மொதல்ல வர்றது, "லிங்க், கிராஃபிக், பேனர் அண்டர்ஸ்கோர் ஃபைனல் அண்டர்ஸ்கோர் நியூ". அப்புறம் வரிசையா "க்ளிக் ஹியர், க்ளிக் ஹியர், க்ளிக் ஹியர்". எதை க்ளிக் பண்ணா எது வரும்னு அதுக்கும் தெரியாது, கேக்கறவங்களுக்கும் தெரியாது. ஃபார்ம் உள்ள போனா "எடிட், பிளாங்க்". டேப் அமுக்கினா மறுபடி "எடிட், பிளாங்க்". பேர் எழுதற இடமா, அப்பா பேரா, ஜாதியா, ஒண்ணும் சொல்லாது. அந்தப் பொண்ணு என்ன பண்ணுதுன்னா, ஃபார்ம்ல எத்தனாவது கட்டம் எதுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு. போன செமஸ்டர்ல நடுவுல புதுசா ஒரு கட்டம் சேத்துட்டாங்க. எல்லாம் ஒண்ணு தள்ளிப் போய் பின்கோடு இருக்க வேண்டிய இடத்துல போன் நம்பர் உக்காந்துடுச்சு.

கடைசியில டைம் டேபிள் பிடிஎஃப். திறந்தா சத்தமே இல்ல.

இத்தனைக்கும் ஹோம் பேஜ் மேல வீல்சேர் படம் போட்டு ஒரு பட்டன் இருக்கு. ஏ பிளஸ், ஏ மைனஸ். அமுக்கினா எழுத்து பெருசாகுது, இன்னொண்ணு அமுக்கினா பேஜ் கறுப்பு மஞ்சளா மாறுது. கண்ணே தெரியாத பொண்ணுக்கு எழுத்து பெருசாகி இன்னா ஆவப் போவுது?

கம்ப்ளைன்ட் மெயில் போட்டேன். "உங்கள் கோரிக்கை தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது"ன்னு தானா ஒரு பதில், அதோட சரி. இதுக்கு சட்டம் கிட்டம் ஏதாவது இருக்கா? செலவு அதிகமா? படிக்கிறவனுக்குப் புரியற மாதிரி என்ன எழுதணும்? "வெப்சைட் சரியில்ல"ன்னு எழுதினா சர்வர் ஸ்லோன்னு நெனச்சுக்கறாங்க.

(வர்ற வருமானத்துல நானே மண்ணள்ளிப் போட்டுக்கறேன்னு வீட்டுல திட்டு. இருக்கட்டும், எனக்கு ஆதார் திருத்தமே போதும்.)

---

ஆறுபுள்ளி

ஜெராக்ஸ் அண்ணனுக்கு வணக்கம். நான் பெரம்பூரில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியர், பிறவியிலேயே பார்வை கிடையாது. நீங்கள் போட்ட அந்த என்விடிஏவை 2006-ல் ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர், இருவருமே பார்வையற்றவர்கள். அதனால்தான் அது இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், காது பழகிவிடும்.

நீங்கள் சொன்ன "எடிட், பிளாங்க்" சமாச்சாரம் மிகச் சின்ன வேலை. கட்டத்துக்குப் பக்கத்தில் "பெயர்" என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் அந்தச் சொல் அந்தக் கட்டத்துக்குத்தான் சொந்தம் என்று உள்ளே கட்டிவிடவில்லை. கண் உள்ளவர் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். எங்களுக்குப் பக்கம் என்று ஒன்று கிடையாது.

அந்த பிடிஎஃப் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சோதனை செய்து பாருங்கள். பிடிஎஃபைத் திறந்து ஒரு வரியை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். எதுவுமே ஒட்டவில்லையென்றால் அது ஸ்கேன், வெறும் போட்டோ. தமிழாகவே ஒட்டினால் அது யூனிகோடு, எந்தக் கணினியும் தமிழென்றே அறிகிற முறை, நல்லது. மூன்றாவது ஒரு ரகம் இருக்கிறது, தமிழ்நாட்டில் நிறையப் பார்க்கலாம். கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும், ஒட்டினால் ஆங்கில எழுத்தாக விழும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அவை. பாமினியில் "தமிழ்" என்று அடித்த இடத்தை என் கணினி "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று படிக்கும். ஸ்கேன் ஆனால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் ஓரளவு எழுத்தாக மாறிவிடும். பாமினி ஆனால் அதை யூனிகோடாக மாற்றும் கன்வர்ட்டரில் போட வேண்டும். ஆனால் அட்டவணை இரண்டிலும் சிதறிவிடும். டைம் டேபிளில் தேதி ஒரு பக்கமும் தாள் பெயர் ஒரு பக்கமும் போனால், பரீட்சை எந்த நாள் என்று யாரையாவது கேட்டே ஆக வேண்டும்.

என் அபிப்பிராயம் இது. ஃபார்மை ஒருமுறை சரிசெய்தால் வருடக்கணக்கில் நிற்கும். சர்குலர் தினமும் வருகிறது. ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நீட்டிப்பு, தேர்வு மையம் மாற்றம், மழைக்காகத் தள்ளிவைத்த தேர்வு எல்லாம் ஸ்கேன்தான். வெப்சைட்டைக் கட்டியவரைக் குறை சொல்லிப் பாதிதான் பயன். தினமும் அதில் என்னத்தை ஏற்றுகிறார்கள் என்பதைத்தான் மனுவில் முதலில் எழுத வேண்டும்.

---

சும்மா_ஒருத்தன்

தப்பா எடுத்துக்காதீங்க. ரிசல்ட் அன்னைக்கு கண்ணு தெரியற நமக்கே அந்த சைட் ஓப்பன் ஆகாது. எத்தனை பேர் இருக்கப் போறாங்க, பக்கத்துல யாராவது ஹெல்ப் பண்ணா முடிஞ்சுது. இதுக்குப் போய் சட்டம் கோர்ட்டுன்னு...

---

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

@சும்மா_ஒருத்தன் உங்க ஓடிபியை என் கடையில வந்து சத்தமாப் படிங்க தம்பி, ஹெல்ப் பண்றேன்.

---

செக்‌ஷன்_சார்

ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்கிறேன், எதுவென்று சொல்லப்போவதில்லை. சர்குலர் ஏற்றும் வேலை என் மேஜையில்தான். ஆறுபுள்ளி சார் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் ஏன் ஸ்கேன் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிராஃப்ட் வேர்டில்தான் டைப் ஆகிறது. அந்த நிமிடம் அது முழுக்க எழுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதை பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்து மேலே அனுப்புகிறோம். சூப்பரின்டெண்டென்ட், அசிஸ்டென்ட் ரிஜிஸ்ட்ரார், அப்புறம் ரிஜிஸ்ட்ரார். கையெழுத்து ஆகி வந்ததும் பச்சை மையில் நம்பரும் தேதியும் கையால் போட்டு, சீல் குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றுகிறோம். கையெழுத்து தெரியாத சர்குலர் போலி என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது, போலி சர்குலர் வாட்ஸ்அப்பில் சுற்றி நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நான் செய்வது இது. ஸ்கேனை எப்போதும் போல ஏற்றிவிடுவேன். வேர்டு ஃபைல் என் சிஸ்டத்திலேயே இருக்கிறதே, அதிலிருந்து விஷயத்தைக் காப்பி செய்து செய்திப் பகுதியில் லிங்குக்குக் கீழேயே ஒட்டிவிடுவேன், நம்பர் தேதியோடு. கூடுதலாக ஆகிற நேரம் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரும் ஏன் என்றும் கேட்கவில்லை.

தனி பிடிஎஃபாகவும் போடுகிறவர்களுக்கு ஒன்று. வேர்டில் "பிரின்ட்" போய் பிடிஎஃப் பிரின்டரைத் தேர்வு செய்யாதீர்கள். "சேவ் ஆஸ்" போய் பிடிஎஃப் கொடுங்கள். பிரின்ட் வழியாகப் போனால் தலைப்பு எது, அட்டவணை எது என்ற விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். சேவ் ஆஸில் அது தங்கும். ஆனால் தலைப்பை வேர்டின் ஹெடிங் ஸ்டைலில் வைத்திருக்க வேண்டும். வெறுமனே போல்டு போட்டால் அது வெறும் போல்டுதான்.

ஃபார்ம் விவகாரம் எங்கள் கையில் இல்லை. டெண்டர் எடுத்த கம்பெனி வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் (ஏஎம்சி) பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குப் பெயர் கட்டச் சொன்னாலும் "ஸ்கோப்பில் இல்லை, தனி எஸ்டிமேட்" என்பார்கள். அடுத்த டெண்டரில் எழுதினால் ஒழிய அசையாது. எனவே மனுவில் டெண்டர் நிபந்தனையைக் கேளுங்கள்.

---

கொடுங்கையூர்_கோடர்

ஜெராக்ஸ் அண்ணா, நான் வெப் டெவலப்பர். செலவு அதிகமான்னு கேட்டீங்களே, நீங்க சொன்னதுல பெரும்பாலும் புதுசா கட்டறது இல்ல, இருக்கறதைச் சரி பண்றது. இன்புட்டோட ஐடியை லேபிள் டேக்ல "ஃபார்"ங்கற இடத்துல கொடுத்துக் கட்டணும், பேனர் படத்துக்கு அது என்னன்னு சொல்ற ஆல்ட் வரி எழுதணும், டேபிள்ல தலைப்புக் கட்டங்களை டிஹெச்னு போடணும். ஒரு ஆளு உக்காந்தா முடிச்சுடலாம். தமிழ்ப் பக்கத்துக்கு லாங்க் ஈக்வல்ஸ் டிஏன்னு ஒரு வார்த்தை. அதைக்கூட போட மாட்டாங்க, எல்லாம் ஈஎன்னுதான் இருக்கும். அப்ப ஸ்கிரீன் ரீடர் தமிழை இங்கிலீஷ் குரல்ல படிக்கப் பாத்து சொதப்பும்.

அந்தக் கோணல்மாணல் எழுத்துப் படம், அதான் கேப்ச்சா, அதுக்கு மாற்று நிறைய இருக்கு. எப்படியும் ஓடிபி அனுப்பறீங்க, அப்புறம் எதுக்குப் படப் புதிர்? வெப் அணுகல்தன்மைக்கான உலக வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2, 2023 அக்டோபர்ல வந்தது. லாகின் பண்ண புதிர் போட்டா வேற வழியும் வைக்கணும், பாஸ்வேர்டை பேஸ்ட் பண்ண விடணும்னு அதுல இருக்கு. நம்ம ஆளுங்க பேஸ்ட்டை பிளாக் பண்ணி அதுக்குப் பேரு செக்யூரிட்டின்றாங்க.

இன்னொண்ணு யாரும் சொல்லல, டைம் அவுட். ஸ்கிரீன் ரீடர்ல ஃபார்மை கேட்டுக் கேட்டு நிரப்ப நேரம் ஆகும். பாதியில "செஷன் எக்ஸ்பயர்டு" வந்தா எல்லாம் போச்சு. நேரம் முடியறதுக்கு முன்னாடி எச்சரிக்கணும், குறைஞ்சது 20 விநாடி கொடுக்கணும், ஒரு பட்டன்ல நீட்டிக்கணும், அப்படி பத்து தடவையாவது நீட்டிக்க விடணும்னு அந்த வழிகாட்டியே சொல்லுது.

அந்த வீல்சேர் பட்டன்! அது வெளியில இருந்து வாங்கி ஒட்டற ஸ்கிரிப்ட். எழுத்து பெருசாக்க கன்ட்ரோலும் பிளஸ்ஸும் அமுக்கினா பிரவுசரே பண்ணும். இந்த மாதிரி பட்டன் விக்கற ஒரு கம்பெனி, ஆக்சஸிபி, "எங்க டூலைப் போட்டா எந்த வெப்சைட்டும் டபிள்யூசிஏஜிக்கு ஒத்துப் போயிடும்"னு விளம்பரம் பண்ணுச்சு. 2025 ஜனவரியில அமெரிக்காவோட வணிகக் கண்காணிப்பு அமைப்பு எஃப்டிசி அதுமேல நடவடிக்கை எடுத்து 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லுச்சு. நம்ம ஊர்ல இந்தப் பட்டனைப் போட்டுட்டு, வேலை முடிஞ்சதுன்னு ஃபைலை மூடிடறாங்க.

---

எண்ணூர்க்காரன்

எனக்குக் கண்ணு நல்லா தெரியும். கை நடுங்கும், மவுஸ் புடிக்க முடியாது, கீபோர்டு மட்டும்தான். பிறந்த தேதி கட்டத்துல டைப் பண்ண விடாம காலண்டர் மட்டும் வெச்சிருப்பாங்க பாருங்க, அதைப் பத்தி யாராவது எழுதுங்க. நான் 2004. வருஷம் மாத்தற வசதி இல்லாத காலண்டர்ல இந்த மாசத்துல இருந்து மாசம் மாசமா பின்னாடி போனா 240 தடவைக்கு மேல அமுக்கணும். கை ஒரு தடவை கூட நடுங்கி ரெண்டா அமுங்கினா திரும்ப முன்னாடி வரணும். பேசாம டைப் பண்ண விட்டா எட்டு எண்ணு.

எங்க அக்காவுக்குக் காது கேக்காது. அவ காலேஜ்ல சந்தேகம் கேக்க ஒரு ஹெல்ப்லைன் நம்பர் மட்டும் இருக்கு. அவ யாருக்கு போன் போடுவா? அப்ளிகேஷன் எப்படி நிரப்பறதுன்னு வீடியோ போட்டிருக்காங்க, ஒருத்தர் பின்னாடி நின்னு பேசிக்கிட்டே போறாரு, சப்டைட்டில் கிடையாது. இதையும் சேத்துக்கோங்கண்ணா.

---

பழைய_வண்ணை

சட்டம் கேட்டிருந்தீங்க. நான் வக்கீல் இல்ல, என் பையனுக்காக இந்த ஆபீஸ் எல்லாம் ஏறி இறங்கினதுல தெரிஞ்சது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பிரிவு 42, மின்னணு வழியா கொடுக்கற தகவல் எல்லாம் அணுகக் கூடியதா இருக்கணும்னு சொல்லுது. 2017-ல வந்த விதிகள்ல விதி 15, அரசு வெப்சைட்டுங்க எந்த வழிகாட்டியைப் பின்பத்தணும்னு சொல்லுச்சு. வழிகாட்டின்னாலே "முடிஞ்சா செய்ங்க" ரகம்தானே. ராஜீவ் ரதூரி வழக்குல 2024 நவம்பர் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டம் கட்டாயம்னு சொல்லும்போது விதி வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாதுன்னு விதி 15(1) செல்லாதுன்னுடுச்சு. கட்டாயத் தரத்தை மூணு மாசத்துல வகுக்கச் சொன்னாங்க. அப்புறம் 2025 ஏப்ரல் 30-ம் தேதி பிரக்யா பிரசூன் வழக்கு. அது பேங்க் கேஒய்சி பத்தினது, கண் சிமிட்டினாத்தான் ஏத்துக்கற வீடியோ சரிபார்ப்பு. அதுல டிஜிட்டல் வசதியை அணுகறது அரசியல் சட்டம் 21-ம் பிரிவு சொல்ற வாழ்வுரிமைக்குள்ள வர்றதுன்னே சொல்லிட்டாங்க. மனுவுல இந்த ரெண்டையும் ஒரு வரியில போட்டா போதும், கதை எழுத வேணாம்.

நடைமுறைக்கு ஒரு வழி பிரிவு 23. ஒவ்வொரு அரசு நிறுவனத்துலயும் மாற்றுத்திறனாளிகளோட வேலை விஷயப் புகாருக்குன்னு ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்கணும். அரசு சட்டத்துல உருவான பல்கலைக்கழகமும் அதுல வரும். அந்த வேலைப் புகாரைப் பதிவேட்டுல ஏத்தி ரெண்டு வாரத்துல விசாரிக்கணும். வெப்சைட் புகாருக்கு அந்தக் கெடு பொருந்தாது, ஆனா அனுப்ப ஒரு ஆள் பேராவது கிடைக்கும். அதனால மெயில் போடாதீங்க, அந்த அலுவலர் பேருக்கு ஸ்பீட் போஸ்ட் போடுங்க. அவர் யாருன்னு வெப்சைட்ல இருக்காது, இருந்தா ஸ்கேன்ல இருக்கும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ-ல கேளுங்க. அந்த ஆர்டிஐ-லயே, வெப்சைட் டெண்டர்ல அணுகல் நிபந்தனை இருக்கா, கடைசியா யார் சோதிச்சாங்க, அறிக்கை நகல் கொடுங்கன்னும் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும். என் அனுபவத்துல, ஆர்டிஐ கேள்விதான் ஃபைலை மேஜை மேல எடுக்க வெக்குது, மனு இல்ல.

அதுலயும் நடக்கலைன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்கிட்ட போகலாம். பிரிவு 89-ல அபராதம் முதல் தடவை 10,000 ரூபாய் வரைக்கும், திரும்ப மீறினா 50,000-லருந்து 5 லட்சம் வரைக்கும். அதை மனுவோட முதல் வரியில எழுதாதீங்க. எழுதினா ஃபைல் லீகல் செக்‌ஷனுக்குப் போயிடும், செய்ய வேண்டியவங்க கைக்கே வராது.

முக்கியம்: புகார் அந்தப் பொண்ணு பேர்ல, அதோட கையெழுத்தோட போகட்டும். நீங்க கூட இருங்க, முன்னாடி நிக்காதீங்க.

---

ஆறுபுள்ளி

பழைய வண்ணை சொன்ன கடைசி வரிக்கு நானும் கை தூக்குகிறேன். ஜெராக்ஸ் அண்ணே, மனுவில் "பார்வையற்றவர்கள் பயன்படுத்த இயலவில்லை" என்று பொதுவாக எழுத வேண்டாம். எந்தப் பக்கம், எதைச் செய்யப் போனார், கணினி என்ன சொன்னது. "தேர்வுக் கட்டணப் பக்கத்தில் மூன்றாவது கட்டத்துக்குப் போனேன், எடிட் பிளாங்க் என்றது, அது எதற்கான கட்டம் என்று சொல்லவில்லை." இப்படி எழுதினால் டெவலப்பர் அதே இடத்துக்குப் போய் அதையே கேட்டுப் பார்க்க முடியும். முடிந்தால் என்விடிஏ பேசுவதை போனில் பதிவு செய்து லிங்கைக் கொடுங்கள். அதிகாரிகள் காதால் கேட்டால் வேறு மாதிரிப் புரிகிறது, இது நான் கண்டது. (ஆமாம், "கண்டது"தான். நாங்களும் அப்படித்தான் பேசுவோம்.)

---

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்

எல்லாருக்கும் நன்றிங்க. பொண்ணு வந்திருந்தது, உக்காந்து எல்லாத்தையும் படிச்சுக் காமிச்சேன். செக்‌ஷன் சார் எழுதினதை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுது. "எங்க யூனிவர்சிட்டியிலயும் இவர மாதிரி ஒருத்தர் இருந்தா போதும்ணா"ன்னுச்சு.

நோட்பேடு சோதனையை அங்கயே பண்ணோம். சைட்ல புதுசா இருந்த சர்குலர் எல்லாம் ஸ்கேன். சிலபஸ் மட்டும் பாமினி ரகம், ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா கொட்டுது. கண்ணால பாத்தா அச்சடிச்ச மாதிரி அவ்ளோ சுத்தமான தமிழ்.

ஆர்டிஐ முதல்ல போடறோம், மனு பின்னாடி. எண்ணூர் தம்பி சொன்ன காலண்டரும் ஹெல்ப்லைனும் இதே சைட்ல இருக்கான்னு பாத்தேன், ரெண்டும் இருக்கு. தம்பி, நீங்களும் உங்க பேர்ல தனியா ஒண்ணு போடுங்க, ஒரே மனுவா இருக்கறதை விட ரெண்டா போறது நல்லது. டைப்பிங் நம்ம கடையில ஃப்ரீ. கொடுங்கையூர் தம்பி, டெவலப்பருக்குன்னு அரைப் பக்கம் எழுதித் தந்தீங்கன்னா மனுவோட சேத்து வெச்சிடலாம், நான் எழுதினா சிரிப்பாங்க.

இப்ப ஒரு சிக்கல். நம்ம கடையில டைப் பண்ற அம்மாவுக்கு கை முழுக்க பாமினி. இருபது வருஷமா கல்யாணப் பத்திரிகை, பேனர், மனு எல்லாம் அதுலதான். இந்த மனுவையும் அதுலயே அடிச்சு மெயில்ல அனுப்பினாங்க, பொண்ணு வீட்டுல போய் கேட்டுட்டு "அண்ணா, என் மனுவை என்னாலயே படிக்க முடியல"ன்னு போன் பண்ணுது. கன்வர்ட்டர்ல போட்டா தமிழ் சரியா வருது, ஆனா நடுவுல இருக்கற இங்கிலீஷ் வார்த்தையும் சேந்து தமிழா மாறி உளறுது. அதே கீபோர்டு பழக்கத்துல நேரா யூனிகோடு அடிக்க என்ன போடணும்? விண்டோஸ் 10 சிஸ்டம். தெரிஞ்சவங்க சொல்லுங்க, அந்தம்மா நாளைக்கு பத்து மணிக்கு வந்துடுவாங்க.